குருதியில் தெரியும் கல்லீரல் புற்றுநோய்

நெல் மூட்டையில் குத்தூசியைச் செருகி, கைப்பிடி நெல்லை எடுத்துப் பார்த்தே மூட்டை முழுவதன் தரத்தையும் சொல்லிவிடுவார் தஞ்சை வியாபாரி. அதுபோல, சிறிது குருதியை எடுத்துப் பார்த்து, கல்லீரலில் மறைந்துள்ள புற்றுநோயை அறிய முடியுமா? ஓரளவு முடியும். அதற்கு உதவுவது ஒரு புரதம்.

கருவின் புரதம்

தாய் வயிற்றிலுள்ள சிசுவின் கல்லீரல் ‘ஆல்பா ஃபீட்டோ புரதம்’ என்ற பொருளை ஏராளமாக உண்டாக்குகிறது. பிறந்து ஏறத்தாழ ஓராண்டுக்குள் இது மிகவும் குறைந்துவிடும். வளர்ந்தவர்களின் ஒரு மில்லிலிட்டர் குருதிநீரில் பொதுவாக 10 நானோகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு!

1963-இல் சோவியத் விஞ்ஞானி காரி அபேலெவ், கல்லீரல் கட்டியுள்ள எலிகளின் குருதியில் இப்புரதம் மறுபடியும் தோன்றுவதைக் கண்டார். மறு ஆண்டே தத்தாரினோவ் என்பவர் மனித நோயாளிகளிடமும் அதைக் கண்டார். காரணம் என்ன? புற்றணுக்கள் முதிர்ந்த அணுக்களின் இயல்பை இழந்து, கருநிலை அணுக்களைப் போல நடந்துகொள்கின்றன. மூடிக்கிடந்த மரபணு மீண்டும் திறந்துகொள்கிறது.

அரை ஆயுள் கணக்கு

கதிரியக்கப் பாடத்தில் படித்த ‘அரை ஆயுள்’ நினைவிருக்கிறதா? இப்புரதத்துக்கும் அது உண்டு. ஏறக்குறைய 5 நாள். அறுவைக்கு முன் ஒருவருக்கு 3200 நானோகிராம் இருந்ததாகக் கொள்வோம். கட்டி முழுவதும் நீங்கியிருந்தால் 5-ஆம் நாள் 1600, 10-ஆம் நாள் 800, 40-ஆம் நாள் சுமார் 12 என இறங்க வேண்டும். 400-இலேயே நின்றுவிட்டால்? எங்கோ புற்றணுக்கள் எஞ்சியிருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுவார். இறங்கிய அளவு மீண்டும் ஏறினால், நோய் திரும்புகிறது என்ற எச்சரிக்கை.

ஆகவே ஒரு தனி எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 15, 30, 60 என்று இரட்டித்தால் அலட்சியம் கூடாது.

ஆனால் இப்புரதம் முழுச் சாட்சியன்று. கல்லீரல் அழற்சியிலும் கர்ப்ப காலத்திலும் கூடும். சில புற்றுநோயாளிகளிடம் கூடாமலே இருக்கும். அதனால்தான் ஈரல் இறுக்க நோய் உள்ளவர்களுக்கு இதனுடன் அல்ட்ராசவுண்டு பரிசோதனையும் செய்கிறார்கள்.

வராமல் தடுக்க

ஹெபடைடிஸ்-பி வைரஸ் இந்நோய்க்கு ஒரு பெருங்காரணம். அதன் மேலுறைப் புரதத்தைக் கண்டறிந்த புளும்பெர்க் 1976-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடன் சேர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன், நம் வயல் வரப்பில் முளைக்கும் கீழாநெல்லியை ஆராய்ந்தார். அதை உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் குருதியில் அந்த உறைப்புரதம் மறைந்ததாக 1988-இல் அறிவித்தனர். பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகள் இம்முடிவை உறுதி செய்யவில்லை. எனவே கீழாநெல்லியை மட்டும் நம்பி மருத்துவரைத் தவிர்ப்பது ஆபத்து. நிச்சயமான காப்பு தடுப்பூசியே. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும்.

மற்றொரு எதிரி, ஈரமான தானியத்தில் வளரும் பூஞ்சையின் அஃபிளடாக்சின் நஞ்சு. 1974-இல் குஜராத், ராஜஸ்தான் பகுதிகளில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தனர். சிறிது சிறிதாக நெடுநாள் உடலில் சேர்ந்தால் இதே நஞ்சு புற்றுநோயை உண்டாக்கும். வைரசும் உடன் இருந்தால் ஆபத்து பன்மடங்கு. சாதாரணச் சமையலில் இது அழிவதில்லை. மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் இது அதிகம். ஆயினும் மழையில் நனைந்த நெல்லையும் விட்டுவைக்காது.

நெடுநாள் சேமிக்கும் நெல்லில் ஈரம் 14 சதவிகிதத்துக்கு மேல் இருக்கலாகாது. களத்தில் நெல்லை நன்கு காயவைப்பது விலைக்காக மட்டுமன்று, உண்பவரின் கல்லீரலுக்காகவும்தான்.