தங்கக் கரடி வாங்கிய ஹங்கேரிப் பெண்

 

கரடியைக் கண்டா நாம பயந்து ஓடுவோம். ஆனால் ஒரு கரடியை வாங்க உலகத்துச் சினிமாக்காரங்க எல்லாம் போட்டி போடுறாங்க, தெரியுமா? ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் 1951-ஆம் ஆண்டு முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்து வருகிறது. அங்கே கொடுக்கிற முதல் பரிசுதான் 'தங்கக் கரடி'. பெர்லின் நகரத்தின் சின்னம் கரடி. அதனால்தான் இந்தப் பெயர்.

ஹங்கேரி ஐரோப்பாவின் நடுவில் இருக்கும் சின்ன நாடு. கடலே கிடையாது. மக்கள்தொகை ஒரு கோடிக்கும் குறைவு. அவங்க மொழி சுற்றியுள்ள நாட்டு மொழிகளோடு சேராது. அப்போ அவங்க படத்தை வெளியில யார் பார்ப்பாங்க? அதுக்குத்தான் திரைப்பட விழா. வசனத்தை வேறு மொழியில் படத்துக்குக் கீழே எழுத்தாகப் போடுவாங்க. நடுவர் குழு எல்லாப் போட்டிப் படங்களையும் பார்த்து முடிவு சொல்லும்.

1975-இல் தங்கக் கரடி 'தத்தெடுப்பு' என்ற ஹங்கேரிப் படத்துக்குக் கிடைத்தது. இயக்கியவர் மார்த்தா மேஸாரோஷ். இந்தப் பரிசு பெற்ற முதல் பெண் இயக்குநர் இவர்தான்! காட்டா என்பவர் கணவரை இழந்தவர், தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நாற்பது வயதுக்கு மேல் ஒரு குழந்தை வேணும்னு ஏங்குகிறார். அரசு விடுதியில் வளரும் அன்னா என்ற பெண்ணோடு பழகுகிறார். கடைசியில் ஒரு குழந்தையைத் தத்தெடுக்கிறார்.

மார்த்தாவின் வாழ்க்கையும் இதுபோலத்தான். அவருடைய அப்பா ஒரு சிற்பி. 1938-இல் சோவியத் நாட்டில் அவரைக் கைது செய்து கொன்னுட்டாங்க. சில வருஷத்தில் அம்மாவும் இறந்துட்டாங்க. வளர்ப்புத் தாய்தான் மார்த்தாவை வளர்த்தார்.

42 வருஷம் கழித்து, 2017-இல், இன்னொரு ஹங்கேரிப் பெண் இல்திகோ எனியெதி தங்கக் கரடி வாங்கினார். இறைச்சிக் கூடத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேருக்குத் தினமும் ராத்திரி ஒரே கனவு வருவதுதான் அந்தப் படத்தின் கதை.

நம்மில் சிலர், "அவ எடுத்து வளர்த்த பொண்ணு"ன்னு காதோடு காதா பேசுறோம். கேட்கிறவளுக்கு எப்படி இருக்கும்? இனிமே அப்படிப் பேச வாய் வந்தா மார்த்தாவை நினைச்சுக்குங்க. அவரும் எடுத்து வளர்த்த பொண்ணுதான்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி