வளர்ச்சிக்கு ஒரு கடிவாளம்

கண்ணாடித் தொட்டிகளில் நீந்தும் வரிக்குதிரை மீனை நீங்கள் பார்த்திருக்கலாம். இந்தியா, நேபாளம், வங்கதேசம் ஆகிய நாடுகளின் ஓடைகளில் இயற்கையாக வாழும் சிறு மீன் அது. அதன் முட்டை தெளிவானது. உள்ளே கரு வளர்வதை நுண்ணோக்கியில் நேராகவே காணலாம். இம்முட்டைகளை ஆக்ஸிஜன் குறைந்த நீரில் இட்டால், கரு மிக மெதுவாக வளர்கிறது. மூச்சுத் திணறி நலிந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? அப்படியன்று. தன் வளர்ச்சியைக் கருவே பிடித்து நிறுத்துகிறது!

இது எவ்வாறு நிகழ்கிறது? பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன், பெரும்பாலும் கல்லீரலை ஏவி வேறொரு பொருளை உண்டாக்கியே உடலை வளர்க்கிறது. 1957-இல் எலிகளின் குருத்தெலும்பை ஆராய்ந்த சால்மன், டாகடே என்னும் இரு அமெரிக்கர்களுக்கு இப்பொருளின் தடயம் கிடைத்தது. (சால்மன் என்பது மீனின் பெயரும்கூட, இது தற்செயலே.) இன்சுலினை ஒத்த அமைப்புடையதால், பின்னர் 'இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி' என்று அதற்குப் பெயரிட்டனர்.

இக்காரணி இரத்தத்தில் தனித்துத் திரிவது அரிது. பிணைப்புப் புரதங்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன. அதனால் அது விரைவில் அழியாமல் காக்கப்படுகிறது. ஆனால் பிடிபட்ட காரணியால் செல்லின் மேலுள்ள ஏற்பியில் பொருந்த முடியாது. ஆகவே இப்புரதம் காவலனாகவும் இருக்கிறது, கடிவாளமாகவும் இருக்கிறது. நமக்கு இதில் ஆறு வகைகள். சால்மன் மீனுக்கோ பத்தொன்பதுக்குக் குறையாது! அதன் முன்னோரில் மரபணுத் தொகுதி முழுவதும் இரட்டித்ததே இதற்குக் காரணம்.

இவற்றுள் முதல் வகையை வளர்ந்த மீனில் பெரிதும் கல்லீரலே தயாரிக்கிறது. பட்டினி கிடக்கும் மீனில் இதன் அளவு ஏறும். உணவில்லாத காலத்தில் உடலை வளர்ப்பது வீண் செலவல்லவா? ஆக்ஸிஜன் குறைந்தாலும் இதே கதைதான். 2005-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் துவான் குழுவினர் வரிக்குதிரை மீனின் கருவில் இப்புரதம் உண்டாகாதபடி தடுத்துப் பார்த்தனர். ஆக்ஸிஜன் குறைந்த நீரிலும் வளர்ச்சி அவ்வளவாகத் தடைப்படவில்லை. மாறாக, நல்ல நீரில் உள்ள கருவில் இப்புரதத்தை மிகுதியாக்கியபோது வளர்ச்சி மந்தமாயிற்று.

தோலில் நடப்பது இன்னும் விந்தையானது. இம்மீன் குஞ்சின் தோலில் கால்சியத்தை உறிஞ்சும் செல்கள் சில உண்டு. அவை ஐந்தாம் வகைப் புரதத்தைத் தாமே தயாரிக்கின்றன. நீரில் கால்சியம் குறைந்ததும் ஒரு நொதி அப்புரதத்தைத் துண்டிக்கிறது. விடுபட்ட வளர்ச்சிக் காரணி, அச்செல்களை ஒன்று இரண்டாகப் பெருகச் செய்கிறது. கால்சியத்தை ஈர்க்க வாய்கள் கூடுகின்றன.