கசியும் இடமும் சொட்டும் இடமும்: ஒரு பழைய மகிழுந்தின் பழுதுகள்

1989ஆம் ஆண்டு சிகாகோ மோட்டார் கண்காட்சியில் சப்பானின் மாஸ்டா நிறுவனம், இருவர் மட்டும் அமரக்கூடிய, கூரை திறந்து மூடும் விளையாட்டு மகிழுந்து ஒன்றை அறிமுகப்படுத்தியது. எம்எக்ஸ்-5 என்னும் அவ்வண்டி அமெரிக்காவில் மியாட்டா என்றும் சப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் பெயர் பெற்றது. தொடக்கத்தில் 1.6 லிட்டர் இயந்திரமும் ஒரு டன்னுக்குக் குறைந்த எடையும் கொண்ட எளிய வண்டி அது. 1997 வரை வெளிவந்த அதன் முதல் தலைமுறையில் எஞ்சியிருப்பவை யாவும் இன்று முதுமை எய்திவிட்டன. அவற்றுள் ஒன்று நம் தமக்கை மகனுக்கு உரியது. அதன் பொருட்டுப் பட்டறைக்கு நடந்த நடையில் கற்றவற்றையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

மொழியியலாளருக்குப் பட்டறையில் என்ன வேலை என்று மாணவர் சிலர் வினவியதுண்டு. பழுதுபார்ப்பவர் கேட்கும் முதற்கேள்வியே மொழி சார்ந்ததுதான்: "என்ன மாதிரிச் சத்தம்?" 'வண்டி கெட்டுப்போயிற்று' என்பது அதற்கு விடையாகாது. நம் இரட்டைக்கிளவிகள் இங்கே பெரிதும் கைகொடுக்கின்றன. காலையில் முடுக்கியதும் இயந்திரத்தின் மேற்பகுதியில் 'டிக்டிக்' என ஒலி எழுந்து, சூடேறியதும் அடங்கினால், வால்வுகளின் இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் சரிசெய்யும் சிறு உருளைகளில் எண்ணெய் வடிந்துபோயிருக்கிறது என்று பொருள். இவ்வண்டியில் மிகப் பரவலான ஒலி இதுவே. புதிய எண்ணெய் ஊற்றினால் பெரும்பாலும் குறையும். அதே இயந்திரத்தின் அடிப்பகுதியிலிருந்து 'தடதட' என, வேகம் கூடக்கூட வலுக்கும் ஒலி வந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். உள்ளே பேரிங் தேய்ந்திருக்கக்கூடும்.

ஒலியைக் காட்டிலும் மனிதரை ஏமாற்றுவது எண்ணெய்க் கசிவு. தமக்கை மகனின் வண்டியில், இயந்திரமும் கியர் பெட்டியும் சந்திக்கும் இடத்திற்கு நேர்கீழே நாள்தோறும் எண்ணெய் சொட்டிக் கிடந்தது. ஒரு பட்டறையில் குனிந்து பார்த்த உடனே, கிராங்க் தண்டின் பின்புற சீல் போய்விட்டது என்றனர். அதை மாற்றக் கியர் பெட்டியையே கழற்றி இறக்க வேண்டும். அவர்கள் சொன்ன தொகை அவனது ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கியது. வண்டியை விற்றுவிடலாமா என்றுகூட அவன் பேசத் தொடங்கிவிட்டான்.

மற்றொரு பட்டறையில் இருந்த முதியவர் குனியவே இல்லை. இயந்திரத்தின் பின்புற மேற்பகுதியில், கண்ணுக்கு எளிதில் புலப்படாத இடத்தில் கையை விட்டுத் துழாவினார். விரல்கள் எண்ணெயில் நனைந்து வந்தன. தீப்பொறி எழ வேண்டிய நேரத்தை இயந்திரக் கணினி கணிக்க உதவும் கேம் கோண உணரி அங்கே பொருத்தப்பட்டுள்ளது. அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. பல்லாண்டு வெப்பத்தில் அவ்வளையம் நெகிழ்வை இழந்து இறுகிவிடுகிறது. அதன்வழி வெளியேறும் எண்ணெய் இயந்திரத்தின் பின்சுவரில் இறங்கி, கியர் பெட்டியின் முகப்பை அடைந்து கீழே விழுகிறது. கசிந்த இடம் ஒன்று. வழிந்த இடம் ஒன்று. சொட்டிய இடம் மற்றொன்று. இம்மூன்று வினைகளையும் பிரித்தறியாமல் 'எண்ணெய் ஒழுகுது' என்று முடித்ததே முதற்பட்டறையார் செய்த பிழை என நாம் கருதுகிறோம். வளையத்தின் விலை சில ரிங்கிட்டே. உணரியைக் கழற்றுமுன் அது நின்ற நிலையை முதியவர் கோடிட்டுக் குறித்துக்கொண்டார். திரும்பப் பொருத்துகையில் கோணம் மாறினால் தீப்பொறியின் நேரமும் மாறிவிடும்.

மின்பழுதிலும் இதே மயக்கம் நேர்கிறது. இவ்வண்டியின் பேட்டரி பின்புறப் பொருட்பெட்டியில் உள்ளது. அங்கிருந்து தடித்த மின்கம்பி ஒன்று முன்புறம்வரை ஓடுகிறது. மின்னோட்டம் திரும்பி வரும் பாதை வண்டியின் உலோக உடலே. இயந்திரத்தை உடலோடு இணைக்கும் கம்பியின் முனை துருப்பிடித்தால் அங்கே தடை தோன்றும். 0.02 ஓம் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால், முடுக்கும்போது 150 ஆம்பியர் பாய்ந்தால் அத்தடையிலேயே 3 வோல்ட் வீணாகிவிடும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒற்றை ஒலிதான் கேட்கும். (இரட்டிக்காத இவ்வொலியை இரட்டைக்கிளவியில் சேர்க்க இயலாது, பழுதை அறிய அந்த ஒற்றைத்தன்மையே குறிப்பு.) உரிமையாளர் புதிய பேட்டரி வாங்குவார். சில நாள் ஓடும், மறுபடியும் 'டக்'. வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை இயந்திர உலோகத்திலும் வைத்து, முடுக்கும்போது பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை பாதையில் இருக்கிறது.

மேலெழும் முகப்பு விளக்குகளுள் ஒன்று விழித்து மற்றொன்று உறங்குவதும் உண்டு. மோட்டாரின் மேலுள்ள குமிழைக் கையால் திருகி விளக்கை உயர்த்தலாம். ரேடியேட்டரின் கறுப்பு நெகிழித் தொட்டி பழுப்பேறினால் வெடிப்பு நெருங்குகிறது என்று கொள்க. கிளட்ச் மிதி தரையோடு அமிழ்ந்தால் கியர் பெட்டியருகே உள்ள சிறு ஹைட்ராலிக் உருளையை முதலில் பார்க்க வேண்டும்.

வண்டியின் ஆயுளையே முடிக்கக்கூடிய பழுது ஒன்று உண்டு. 1991 வரை வந்த பல இயந்திரங்களில் கிராங்க் தண்டின் முன்முனை குட்டையானது. ஏறக்குறைய 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டைமிங் பெல்ட்டை மாற்றும்போது, அங்குள்ள போல்ட்டை உரிய அளவு முறுக்காமல் விட்டால், பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆப்பும் அதன் குழியும் சிறுகச் சிறுகத் தேயும். வண்டியின் வலு குன்றும். இயந்திரம் ஓடும்போது முன்புறக் கப்பி தள்ளாடுகிறதா என்று பார்த்தால் போதும். இச்சோதனைக்குச் செலவே இல்லை.

இறுதியாக மழைநீர். துணிக்கூரையில் இறங்கும் நீர், இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள இரு வடிகால் துளைகள் வழியாக வெளியேற வேண்டும். இலைகள் அடைத்துக்கொண்டால் நீர் கதவுக்குக் கீழுள்ள அடிச்சட்டத்தில் தேங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். வெளியே வண்ணம் கொப்பளிப்பதற்குள் உள்தகடு அரித்துப்போயிருக்கும். வளைவில் திரும்பும்போது கதவடியில் 'சளசள' என்று கேட்டால் காலந்தாழ்ந்துவிட்டது எனலாம். கூரிய கம்பியை விட்டால் உள்ளிருக்கும் குழாய் கிழியும். மெல்லிய நெகிழிக் குழாயே ஏற்றது. சென்ற மாதம் நம் தமக்கை மகன் அவ்வாறு துப்புரவு செய்தபோது, இடப்பக்கத் துளையிலிருந்து மட்டும் ஒரு பிடி அங்சானா இலை வந்தது.