இசைக்கும் உரியவர் உண்டு

சென்ற ஆண்டுத் திருவிழா முடிந்த மறுவாரம், எங்கள் பெருங்களத்தூர்ப் பங்கின் இளைஞர் சிலர் வாடிய முகத்தோடு என்னிடம் வந்தனர். கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை தாங்களே படம்பிடித்து, இரவெல்லாம் கண்விழித்துத் தொகுத்த காணொளியை, வெளிநாட்டில் வாழும் நம் உறவினரும் காணட்டும் என்று இணையத்தில் ஏற்றியிருந்தனர். சில மணி நேரத்திற்குள் தேர்ப்பவனிக் காட்சிகள் ஊமையாகிவிட்டன. பின்னணியில் சேர்த்திருந்த திரைப்பட இசை பிறருக்கு உரியது என்ற அறிவிப்பே எஞ்சியது.

"ஃபாதர், கோவிலுக்காகத்தானே செய்தோம்? ஒரு காசுகூட நாங்கள் சம்பாதிக்கவில்லையே!" என்றனர்.

அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அண்டை வீட்டுத் தோட்டத்து மலரைக் கேளாமல் பறித்துப் பீடத்தை அலங்கரித்தால், மலர் பீடத்தில் இருக்கிறது என்பதற்காகப் பறித்த முறை சரியாகிவிடுமா? களவு செய்யாதே என்னும் ஏழாம் கட்டளை கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு மட்டும் உரியதன்று. உழைப்பாளி தன் கூலிக்கு உரியவன் என்றார் நம் ஆண்டவர். மெட்டமைத்தவரும் வயலின் வாசித்தவரும் உழைப்பாளிகளே. அவர்கள் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும்.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி ஒரு பாடலின் உரிமை, அதை ஆக்கியவர் இறந்த பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். அதன் ஒலிப்பதிவுக்கோ, வெளியான காலத்திலிருந்து 60 ஆண்டுகள் தனி உரிமை உண்டு. உண்மையான சமயச் சடங்கின்போது பாடலை இசைப்பதற்குச் சட்டமே விலக்கு அளிக்கிறது. திருமண ஊர்வலமும் அதில் அடங்கும். ஆகவே திருப்பலியில் பாடற்குழுவினர் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் ஒருவருடைய ஒலிப்பதிவை எடுத்துக் காணொளியில் சேர்த்து உலகெங்கும் பரப்புவது வேறு செயல். அதற்கும் இவ்விலக்கு பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது.

பெரிய நிறுவனங்களும் இதில் இடறுவதுண்டு. 'குணா' படப்பாடலைப் பயன்படுத்திய 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படத்தாருக்கு, 2024-இல் இளையராஜா வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். ஒலிப்பதிவு நிறுவனத்தாரிடம் உரிமை பெற்றதாகப் படத்தார் கூறினர். இசையமைப்பாளரோ தம் அனுமதியைக் கேட்டு நின்றார். ஒரே பாடலில் எத்தனை பேருடைய உரிமை பின்னிக் கிடக்கிறது என்பதற்கு இது சான்று.

இந்தச் சிக்கலுக்கு வழியாக 'ராயல்டி இல்லாத இசை' என்று ஒன்று இன்று கிடைக்கிறது. பெயரைக் கேட்டு, உரியவர் அற்ற இசை என்று பலர் கருதிவிடுகின்றனர். அப்படியன்று. பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் உரிமைத்தொகை செலுத்த வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். சிலவற்றுக்கு ஒருமுறை விலை உண்டு, சில இலவசம். எல்லாவற்றிற்கும் நிபந்தனை உண்டு.

2001-இல் அமெரிக்காவில் தோன்றிய கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு இந்நிபந்தனைகளை எளிய குறிகளாக வகுத்தது. ஆக்கியவர் பெயரைச் சொல்லவேண்டும் என்பது ஒன்று. வணிகத்திற்கு ஆகாது என்பது மற்றொன்று. கட்டணம் பெற்றுத் திருமணப்படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரருக்கு இத்தகைய இசை உதவாது. மாற்றம் செய்யலாகாது என்ற குறி இருந்தால், காட்சியோடு இசையை இணைப்பதே மாற்றமாகக் கொள்ளப்படும். கெவின் மெக்லியோட் என்னும் அமெரிக்க இசையமைப்பாளர், தம் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைத்துண்டுகளை வழங்கியிருக்கிறார். நன்றி சொல்ல ஒரு வரி. அதையும் மறப்பது அழகா?

இதனினும் சிறந்த வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. நம் கத்தோலிக்கப் பெருமகனார் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1889-இல் மறைந்தார். அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' இன்று எல்லாருக்கும் பொதுச்சொத்து. ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ப் சிற்றூரில், உதவிப் பங்குத்தந்தை யோசேப் மோரின் வரிகளுக்குப் பிரான்ஸ் குரூபர் மெட்டமைத்து, 1818 கிறிஸ்து பிறப்பு விழா இரவில் இருவரும் கிட்டாரோடு பாடிய பாடலும் அவ்வாறே. ஆனால் அவற்றை இக்காலத்தவர் பாடிய ஒலிப்பதிவும், புதிதாய்ச் செய்த தமிழாக்கமும் அவரவர்க்கே உரியவை. நாமே பாடிப் பதிவுசெய்தால் தடையேதும் இல்லை.

எங்கள் இளைஞரும் அதையே செய்தனர். மின்விசிறியை நிறுத்தி, கோவில் கதவுகளைச் சாத்தி, ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் அடங்கிய பின்னிரவில் பாடற்குழுவின் குரலைப் பதிந்தனர். சுருதி ஓரிடத்தில் சற்று விலகியது உண்மைதான். ஆனால் ஊமையாகியிருந்த தேர்ப்பவனி மீண்டும் பேசிற்று. இம்முறை நம் சொந்தக் குரலில்.

பெற்றோரே, திருமணத்திற்கும் புதுநன்மைக்கும் படம்பிடிப்போரிடம், "இந்த இசைக்கு அனுமதி உண்டா?" என்று ஒரு சொல் கேளுங்கள். பிள்ளைகள் செவியில் அது விழட்டும். ஏழாம் கட்டளையை வீட்டிலேயே கற்பிக்க அதுவும் ஒரு வழியாகும்.