வாய்க்காலும் வடிகாலும் முழங்காலும்

மேட்டூர் அணையை ஜூன் மாதம் 12ஆம் தேதி திறந்துவிடுவது தஞ்சைத் தரணியின் நெடுநாளைய சம்பிரதாயம். அங்கே புறப்படுகிற காவிரி, கல்லணையைக் கடந்து, கும்பகோணம், மயிலாடுதுறை என்று வழிநெடுக உள்ள ஊர்களுக்கெல்லாம் பங்கு பிரித்துக் கொடுத்துக்கொண்டே வந்து, பூம்புகாருக்கு அருகில் மேலையூரில் இருக்கும் கடைசிக் கதவணையை எட்டும்போது, கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்கு வந்து சேர்ந்த பாயசம் போலத்தான் இருக்கும். ஆயினும் கடைமடைக் குடியானவர்கள் அதை மலர் தூவி வரவேற்கத் தவறுவதில்லை. அவர்களுக்கு எந்தக் கல்லூரியும் கற்றுத் தராத ஒரு சாஸ்திரம் தெரியும். வயலுக்கு நீர் கொண்டுவருவது வாய்க்கால். மிஞ்சியதைக் கடலுக்குக் கொண்டுபோவது வடிகால். வாய்க்காலில் வருவது சிறு கசிவேயானாலும், வடிகால் அடைபட்டுப் போனால் வயல் தளும்பி நிற்கும். முழங்கால் வலியால் வருந்தும் பெண்களுக்காக இன்று உலகின் பல பாகங்களில் பரிசோதிக்கப்பட்டு வரும் நூதனமான தேகப்பயிற்சி ஒன்றை விளங்கிக்கொள்ள, இதைவிடச் சிறந்த பாலபாடம் எனக்குத் தெரியவில்லை.

சம்பா நடவுக் காலத்தில் ஒரு நாள், பூம்புகாருக்கு மேற்கே ஒரு வரப்போரத்தில் நின்றுகொண்டிருந்தேன். நடவு முடித்துக் கரையேறிச் சோற்றுக்காக அமர்ந்த பெண்களில், ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் மட்டும், மற்றவர்கள் எழுந்து போன பிறகு, ஒரு கையை வரப்பிலும் மற்றொரு கையைத் தொடையிலும் ஊன்றி, மூன்று தவணையாக எழுந்து நின்றார்.

"முழங்கால் வலியா அம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா தம்பி. குந்துனா எந்திரிக்க முடியல, எந்திரிச்சா குந்த முடியல. ஆஸ்பத்திரியில காலுக்கு எக்சர்சைஸ் பண்ணச் சொல்றாங்க. நாள் முழுக்கச் சேத்துல நிக்கிறவளுக்கு இன்னும் என்ன எக்சர்சைஸ்?"

அந்த அம்மாளின் கேள்வி எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. காலையிலிருந்து மாலை வரை உழைக்கிற சரீரத்துக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு? நடவு நடுகிறவள் இடுப்பை வளைத்துக் குனிந்தபடியே சேற்றில் பின்னோக்கி நகர்கிறாள். வீட்டுக்குப் போனால் குந்தியபடியே அடுப்பையும் பாத்திரத்தையும் கவனிக்கிறாள். முதுகும் மூட்டும் தேய்வதற்கு இதில் போதிய இடம் உண்டு. ஆனால் தசை என்பது, தனக்குப் பழக்கமான வேலையை எத்தனை ஆயிரம் முறை செய்தாலும் வளர்வதில்லை. பழக்கத்துக்கு மேற்பட்ட பளுவை அளவாகச் சுமத்தி, பிறகு ஓய்வும் ஆகாரமும் கொடுத்தால்தான் வளரும். விளைந்த நெல்லையெல்லாம் அளந்து கொடுத்துவிடுவது உழைப்பு என்றால், அதில் ஒரு மரக்கால் விதைநெல்லை எடுத்து வைப்பது பயிற்சி.

முழங்காலைப் பொறுத்தவரை அந்த விதைநெல் இருக்கும் குதிர், தொடையின் முன்புறத் தசை. நான்கு தலைகளாகப் பிரிந்து மேலே தொடங்கி, கீழே ஒன்றாகி, முழங்காற்சில்லைத் தாங்கிப் பிடித்துக் கணைக்கால் எலும்பில் போய்ச் சேரும் இந்தத் தசைதான், நாம் உட்காரும்போது உடலை மெதுவாக இறக்கிவிடுகிறது, எழும்போது தூக்கிவிடுகிறது. சமதரையில் நடக்கையிலேயே முழங்கால் மூட்டின் மீது உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு பாரம் இறங்குகிறது. படி இறங்கும்போது அது மூன்று மடங்கையும் தாண்டுகிறது. தொடைத்தசை வலுவாக இருந்தால் அந்த அதிர்ச்சியில் கணிசமான பங்கை அது ஏற்றுக்கொள்ளும். இல்லையேல் அவ்வளவும் குருத்தெலும்பின் தலையில் விழும். மாதவிடாய் நின்ற பருவத்துக்குப் பிறகு ஆண்களைவிடப் பெண்களுக்கு மூட்டுத் தேய்மானம் மிகுதி என்பதும், பெண்களிடம் தொடைத்தசையின் பலவீனம் பல சமயங்களில் மூட்டு நோய்க்கு முன்பாகவே வந்துவிடுகிறது என்பதும் ஆராய்ச்சியாளர் கண்டவை.

துரதிருஷ்டவசமாக, வலி வந்த முழங்கால் ஒரு விஷச் சக்கரத்தைச் சுழற்றிவிடுகிறது. வலியும் வீக்கமும் கண்ட மூட்டைக் காப்பாற்றும் பொருட்டு, நரம்பு மண்டலம் தொடைத்தசைக்கு அனுப்பும் ஆணையைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. ஆணை குறைந்த தசை மெலிகிறது; தசை மெலிய மெலிய மூட்டின் பாரம் ஏறுகிறது; பாரம் ஏற ஏற வலி வளர்கிறது. தசையை மீட்க வேண்டுமானால், ஒருவர் ஒரே ஒரு முறை மட்டும் தூக்கக்கூடிய உச்ச எடையை 100 என்று வைத்துக்கொண்டால், அதில் 60 அல்லது 70 பங்கையாவது தூக்கிப் பழக வேண்டும் என்பது பயிற்சி சாஸ்திரத்தின் பழைய விதி. அந்த எடையைத் தாங்க வலி கண்ட முழங்கால் மறுக்கிறது. மருந்து இருக்கிறது, அதை விழுங்குவதற்குத் தொண்டைதான் இல்லை.

இந்த முடிச்சை அவிழ்க்கும் நுனி, மூட்டு மருத்துவத்தோடு சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் அகப்பட்டது. 1966ஆம் வருஷம் ஜப்பானில், யோஷியாகி சாட்டோ என்ற பதினெட்டு வயது இளைஞர், பௌத்தச் சடங்கு ஒன்றில் அந்நாட்டு வழக்கப்படி மண்டியிட்டுக் குதிகாலின் மேல் நெடுநேரம் அமர்ந்திருந்தார். கால் மரத்துப் போய், கெண்டைக்காலைப் பிசைந்து விட்டுக்கொண்டபோது, பளு தூக்கிப் பயிற்சி செய்த பிறகு தசை விம்முமே, அதே விம்மல் அங்கே இருப்பதை உணர்ந்தார். நம்மில் எத்தனையோ பேர் கோயில் பிராகாரத்திலும் பாட்டுக் கச்சேரியிலும் கால் மரத்துப் போய் எழுந்து, உதறிவிட்டு நடந்திருக்கிறோம்; ஏன் என்று கேட்டவர் அவர். சைக்கிள் டியூபையும் கயிற்றையும் பட்டையையும் தம் கைகால்களில் கட்டிப் பல வருஷம் பரீட்சித்துப் பார்த்தார்; 1973இல் பனிச்சறுக்கில் விழுந்து கால் அடிபட்டபோது, கட்டுப் போட்ட காலிலேயே அம்முறையைக் கையாண்டார். பின்னாளில் அதற்குக் 'காட்சு' என்று பெயர் சூட்டினார். கூடுதல் அழுத்தம் என்பது அதன் பொருள். மருத்துவர்கள் இன்று அதை ரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்திச் செய்யும் பயிற்சி என்கிறார்கள்.

முறை இதுதான். ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றுவது போன்ற, காற்றடைக்கக் கூடிய பட்டையைத் தொடையின் மேற்பகுதியில், இடுப்பை ஒட்டினாற்போல் சுற்றுகிறார்கள். அந்தக் காலின் தமனி ஓட்டம் முற்றிலும் நிற்க எவ்வளவு அழுத்தம் தேவை என்று முதலில் அளந்து, அதில் 40 முதல் 80 சதவீதம் வரை மட்டுமே பட்டையில் ஏற்றுகிறார்கள். பிறகு, உச்ச எடையில் 20 முதல் 30 சதவீதமே உள்ள மிக இலகுவான பளுவைக் கொண்டு காலை நீட்டி மடக்கச் சொல்கிறார்கள்: முதலில் 30 முறை, பின்னர் 15, 15, 15, ஆக 75, இடையிடையே அரை நிமிஷ ஓய்வு.

பட்டைக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை மேலையூர்க் குடியானவரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். ஆழத்தில் ஓடுவதும் உறுதியான சுவர் கொண்டதுமான தமனி, வாய்க்கால். ரத்தம் குறைவாகவேனும் அதன் வழியே வந்துகொண்டிருக்கிறது. மெல்லிய சுவர் கொண்ட சிரை, வடிகால். அது அந்த அழுத்தத்துக்கே படிந்துவிடுகிறது. வந்தது திரும்பிப் போக வழியின்றித் தசையாகிய வயல் தளும்புகிறது. பிராணவாயு குறைகிறது, தசை வேலை செய்வதால் உண்டாகும் லாக்டேட் முதலிய கழிவுகள் வெளியேறாமல் தேங்குகின்றன. சாதாரணமாக இலகுவான பளுவைத் தூக்க, களைப்பறியாத சிறிய தசைநார்களே போதும். அவை பிராணவாயுவை நம்பி வாழ்பவை. அது கிடைக்காமல் அவை ஓய்ந்துவிடவே, பெரும் பளு வந்தால் மட்டுமே துயிலெழும் பெரிய தசைநார்களை உடல் எழுப்பி வேலைக்கு அனுப்புகிறது. செல்கள் நீர் கொண்டு விம்முவதும், தேங்கிய கழிவுகளும் சேர்ந்து, புதிய புரதத்தைக் கட்டும்படி தசைக்குச் சைகை கொடுக்கின்றன. ஐந்து கிலோவைத் தூக்கிய தசை, தான் பதினைந்து கிலோவைத் தூக்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. மூட்டின் மீது விழுந்த பாரமோ ஐந்து கிலோவுக்கு உரியதுதான். தசையை ஏமாற்றி மூட்டைக் காப்பாற்றும் யுக்தி இது.

யுக்தி அழகாக இருப்பதால் மட்டும் அது சிகிச்சையாகிவிடாது; பெண்களிடமே செய்து பார்த்த பரிசோதனைகள் என்ன சொல்கின்றன? அமெரிக்காவில் நீல் சீகலும் அவருடைய சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், முழங்கால் நோய்க்கு ஆளாகும் அபாயமுள்ள, 45 வயதைத் தாண்டிய பெண்கள் வாரம் மூன்று முறையாக நான்கு வாரம் காலால் பளுவைத் தள்ளிப் பழகினார்கள். பட்டை கட்டியவர்களுக்கு அவர்கள் தள்ளக்கூடிய உச்ச எடை சராசரியாகச் சுமார் 28 கிலோ கூடியது. அதே பளுவைப் பட்டையின்றித் தள்ளியவர்களுக்குச் சுமார் 16 கிலோதான். ஆனால் வலியில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

பிரேசில் நாட்டு சாவோ பாவ்லோவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரசியமானது. மூட்டுத் தேய்மானம் உடைய 48 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்து, பெரும்பளு, சிறுபளு, பட்டையோடு சிறுபளு என்று மூன்று மாதம் பழக்கினார்கள். கால் வலிமை பெரும்பளுக் குழுவில் 33 சதவீதமும் பட்டைக் குழுவில் 26 சதவீதமும் உயர்ந்தது. தொடைத்தசையின் பருமனும் இரண்டிலும் ஏறக்குறைய சமமாகப் பெருத்தது. ஆனால் பெரும்பளுக் குழுவின் 16 பேரில் நால்வர், பயிற்சியே முழங்கால் வலியைத் தூண்டியதால் இடையில் விலக நேர்ந்தது. வலி தணிந்ததோ, பட்டை கட்டிய குழுவில் மட்டுமன்றி, பட்டையில்லாமல் சிறுபளுவைத் தூக்கிய குழுவிலுந்தான்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கும்போது, நிதானமான அபிப்பிராயம் ஒன்றே மிஞ்சுகிறது. பெரும்பளுவைத் தாங்காத மூட்டைக் கொண்டு, பெரும்பளுவின் பலனுக்கு அருகே தசையைக் கொண்டுபோக இந்த முறை வல்லது. வலியை மந்திரம் போட்டாற்போல் போக்கும் என்று சொல்லப் பிரமாணம் இல்லை. வலி தணிவதற்கு எளிய பயிற்சியை விடாமல் செய்வதே பாதி வைத்தியம்.

வரப்போரத்து அம்மாளிடம் இந்த விருத்தாந்தத்தைச் சுருக்கிச் சொன்னபோது, அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்போ தொடையில ஒரு கயித்தக் கட்டிக்கிட்டே நடவு நட்டா ஆகாதா தம்பி?" என்று கேட்டார். சிரிப்பு வந்தாலும், சிரித்துவிட்டுப் போகக் கூடிய கேள்வி அன்று அது. இந்த முறையைக் கண்டுபிடித்த சாட்டோவே, தம்மைத் தாமே கட்டிப் பரீட்சித்த இளமைக் காலத்தில், நுரையீரல் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி அடைத்துப் பெரும் ஆபத்துக்கு உள்ளானவர். கயிற்றுக்கு அளவு தெரியாது; தமனியையும் சேர்த்து இறுக்கிவிட்டால் நரம்பும் தசையும் சேதமடையும். காலில் ரத்தக் கட்டி வந்தவர்கள், நரம்பு சுருட்டிக்கொண்டவர்கள், கட்டுக்கு அடங்காத ரத்தக் கொதிப்போ இருதய நோயோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயால் கால் ரத்த ஓட்டம் குன்றியவர்கள் ஆகியோர் மருத்துவரின் அநுமதியின்றி இதன் பக்கமே போகலாகாது. மணிக்கணக்காகச் சேற்றில் நின்று வேலை செய்யும் பெண்களின் கால்களில் சுருட்டிய நரம்பைக் கண்டவர்களுக்கு இந்த எச்சரிக்கையின் கனம் விளங்கும். மேலையூர்க் கதவணையின் ஷட்டரை வழியோடு போகிறவர் திருகுவதில்லை. அளவு தெரிந்த பாசனப் பணியாளரான லஸ்கர் திருகுகிறார். தொடையில் கட்டும் பட்டைக்கும் அப்படி ஒரு லஸ்கர் வேண்டும். அவர் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்.

அவரைத் தேடி எங்கே போவது என்று கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் பார்க்க வீட்டுக்கே வருகிறவர்களோடு, இயன்முறைச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களுக்கு அதைக் கற்பிப்பவர்களும் வருவதற்கு ஏற்பாடு உண்டு. பட்டையும் அளவுமானியும் கிராமத்துக்கு வந்து சேர நாளாகலாம். அதுவரை, நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டிப் பிடித்து மெல்ல இறக்குவதற்கும், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதற்கும், பின்னர் கணுக்காலில் ஒரு சிறு மணல் பையைக் கட்டிக்கொண்டு அதையே செய்வதற்கும் எந்த யந்திரமும் வேண்டியதில்லை. அவற்றின் அளவையும் ஒருமுறை அவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இதையும் அந்த அம்மாளிடம் சொன்னேன். "நாலு மாச நெல்லுக்கு வெத எடுத்து வைக்கிறோம். இந்தக் காலுக்கு எடுத்து வைக்கணும்னு யாரும் சொல்லலியே" என்றார். பிறகு, அடுத்த வயலில் இறங்கிவிட்ட பெண்கள் கூப்பிடவே, நாற்று முடியை எடுத்துக்கொண்டு, வரப்பிலிருந்து சேற்றில் வலது காலை முதலில் வைத்து, ஒரு கணம் நின்று, இடது காலை இறக்கினார்.