தாளிற் பிறந்த சுவரோவியங்கள்

மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலிய ஓவியங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவற்றின் வண்ணங்களையும் உருவங்களின் உயிர்த்துடிப்பையும் வியந்து பேசுவர். ஆனால் அவ்வோவியங்கள் சுவரிற் பிறந்தவையல்ல, தாளிற் பிறந்தவை. தூரிகையைக் கையிலெடுப்பதற்கு முன்னரே ஓவியன் தன் ஐயங்களையும் பிழைகளையும் தாளில் வரைந்து வரைந்து தீர்த்துக்கொண்டான். இதனை அறிந்தவர்க்கே அக்கால ஓவியத்தின் அருமை நன்கு விளங்கும்.

வரைதலை இத்தாலியர் 'டிசேனோ' என்னும் சொல்லாற் குறித்தனர். கோடுகளால் வரைவது என்ற பொருளோடு, உள்ளத்தில் திட்டமிடுவது என்ற பொருளும் அச்சொல்லுக்குண்டு. கை வரைவதையும் கருத்து உருவாவதையும் அவர்கள் ஒரே செயலின் இரு பக்கங்களாகவே கருதினர்.

ஓவியம் கற்க விரும்பிய சிறுவன் தலைமை ஓவியர் ஒருவரின் தொழிற்கூடத்தில் மாணாக்கனாகச் சேர்ந்தான். வண்ணம் அரைத்தல் முதலிய பணிகளைச் செய்துகொண்டே அவன் வரையப் பழகினான். 1400ஆம் ஆண்டளவில் சென்னினோ சென்னினி என்னும் ஓவியர் எழுதிய கைந்நூல் இப்பயிற்சியை விரித்துரைக்கின்றது. கோழியெலும்பைச் சுட்டு வெண்பொடியாக்கி, உமிழ்நீரிற் குழைத்துச் சிறு மரப்பலகையிற் பூசவேண்டும். அதன்மேல் வெள்ளிமுனைக் கோலால் வரையவேண்டும். எதையேனும் வரையாமல் ஒரு நாளையும் கழித்தலாகாது என்பன அவர் கூறும் விதிகள். வெள்ளிமுனைக் கோடு எளிதில் அழியாது. ஆதலின் கோடிடுவதற்கு முன் உற்று நோக்கும் பழக்கம் மாணாக்கனுக்குத் தானே வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டிலே தாள் பெருகியபோது, கரிக்கோலும் செஞ்சுண்ணமும் மைக்கோலும் கொண்டு தாராளமாக வரைந்து பார்க்கவும் இயன்றது.

இத்துணை முன்னாயத்தம் எதற்காக என்று நேயர்கள் வினவலாம். அக்காலச் சுவரோவிய முறையே அதற்கு விடை. 'பிரெஸ்கோ' எனப்படும் அம்முறையில், சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தைச் சுவரிற் பூசி, அது ஈரமாயிருக்கும்போதே நீரிற் கரைத்த வண்ணத்தைத் தீட்டுவர். சாந்து உலரும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும். வண்ணமும் அக்கல்லினுள்ளே அகப்பட்டு நிலைத்துவிடும். இதனாலேயே அவ்வோவியங்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் விளங்குகின்றன. ஆனால் ஓவியனுக்குக் கிடைக்கும் நேரமோ சில மணிகளே. ஆகவே, ஒரு நாளில் தீட்டக்கூடிய அளவுக்கே சாந்து பூசினர். அப்பகுதிக்கு 'ஜோர்னாட்டா', அதாவது ஒரு நாள் வேலை, என்று பெயர். பெரும்பிழை நேர்ந்தால் சாந்தைக் கொத்தி நீக்கி மறுபடியும் பூசவேண்டும். உருவத்தின் கையை எங்கே வைப்பது, முகத்தை எப்பக்கம் திருப்புவது என்றெல்லாம் சுவரின் முன் நின்று சிந்திக்க அவகாசமில்லை.

எனவே சிந்தனை முழுவதும் தாளிலேயே நடந்தது. முதலில், கருத்தைப் பிடிக்கும் விரைவான சிறு கோட்டுருவங்கள். அடுத்து, ஒருவனை முன்னே நிறுத்தி அவன் உடலையும் உறுப்புகளையும் பார்த்து வரையும் படங்கள். அதன்பின், எல்லா உருவங்களையும் ஒருங்கே அமைத்த சிறிய படம். இறுதியாக, சுவரோவியத்தின் முழு அளவிலேயே வரையப்படும் பெரும்படம். இதனைப் பெரிய தாள் என்னும் பொருளில் 'கார்ட்டோனே' என்றனர். அதன் கோடுகளின் மீது ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, தாளை ஈரச் சாந்தின்மேல் வைத்து, கரிப்பொடி நிறைந்த துணிப்பையினால் தட்டுவர். துளைகளின் வழியே இறங்கிய பொடி சுவரிற் புள்ளிக் கோடாகப் பதியும். இன்று கேலிச் சித்திரத்தைக் குறிக்கும் 'கார்ட்டூன்' என்ற சொல்லும் இதிலிருந்து வந்ததே. இலண்டன் பாராளுமன்றச் சுவரோவியங்களுக்கான பெரும்படங்கள் 1843இல் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை இதழ் தன் கேலிப் படங்களுக்கு அப்பெயரைச் சூட்டியது.

இத்தகைய பெரும்படங்களுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் தலைசிறந்தது மிலான் நகரின் அம்புரோசியானா கலைக்கூடத்திலுள்ளது. வத்திக்கான் மாளிகையில் 1509 முதல் 1511 வரையிலான காலத்தில் இராபேல் தீட்டிய 'ஏதென்சின் கலாசாலை' என்னும் ஓவியத்துக்கு அவர் வரைந்த பெரும்படம் அது. ஏறக்குறைய இருநூறு தாள்களை ஒட்டி ஆக்கப்பட்டது. எட்டு மீற்றர் அகலமுடையது. அதில் ஊசித் துளைகள் உண்டு. ஆயினும் கரிப்பொடி படிந்து கெடவில்லை. அடியில் வேறு தாள்களை வைத்துத் துளையிட்டு, அவற்றையே சுவரிற் பயன்படுத்தினர் என்று ஆய்வாளர் கருதுவர். சுவரோவியத்தின் முன்பக்கத்திலே கன்னத்திற் கைவைத்துத் தனித்திருக்கும் ஞானியொருவரின் உருவம் இப்பெரும்படத்தில் இல்லை. அவ்வுருவத்தை இராபேல் பின்னரே சேர்த்தார். எட்டு மீற்றர் தாளில் எல்லாம் முடிந்ததென்று தோன்றிய பின்னரும் அவர் சிந்தனை ஓயவில்லை.

இலியனார்டோ டா வின்சியின் வரலாறு இதற்கு மாறானது. நிறுத்தியும் திருத்தியும் மெல்ல மெல்லத் தீட்டுவது அவர் இயல்பு. ஈரச் சாந்து அதற்கு இடங்கொடாது. ஆகவே மிலானில் 'இறுதி இராவுணவு' ஓவியத்தை அவர் உலர்ந்த சுவரிலேயே தீட்டினார். 1498 அளவில் நிறைவெய்திய அவ்வோவியம், 1519இல் அவர் மறைவதற்கு முன்னரே சிதையத் தொடங்கிவிட்டது. புளோரன்ஸ் நகர மாளிகையில் 1503இல் அவர் மேற்கொண்ட 'ஆங்கியாரிப் போர்' ஓவியமும் முற்றுப்பெறவில்லை. இன்று அது கண்ணுக்குத் தெரியுமாறு இல்லை. ஆனால் அதற்காக அவர் வரைந்த போர்வீரர் தலைகள் புடாபெஸ்ட் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. சுவர் கைவிட்டதைத் தாள் காப்பாற்றியது.

அதே மண்டபத்துக்காக மைக்கலாஞ்சலோ வரைந்த 'காசினாப் போர்' பெரும்படம் சுவருக்கு ஏறவேயில்லை. எனினும் இளம் ஓவியர் திரண்டு வந்து அதனைப் பார்த்து வரைந்து பயின்றனர். ஈற்றில் அது துண்டு துண்டாகி மறைந்தது. 1564இல் தாம் இறப்பதற்கு முன்னர், தம்மிடமிருந்த வரைபடங்கள் பலவற்றை மைக்கலாஞ்சலோ தீயிலிட்டார் என்று அக்காலக் கலைஞர் வரலாற்றை எழுதிய வசாரி கூறுகின்றார். தாம் பட்ட பாட்டைப் பிறர் காணாது, நிறைவை மட்டுமே காணவேண்டும் என்பது அவர் எண்ணமாம். அவ்வசாரியோ பிறர் வரைபடங்களைத் தேடித் திரட்டித் தொகுத்து வைத்தவர். 1563இல் புளோரன்சில் வரைகலைக் கழகம் தோன்றுவதற்கும் காரணராயிருந்தவர்.

தீக்குத் தப்பிய தாள்களுள் ஒன்று நியூயோர்க் நகரின் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1508 முதல் 1512 வரை தீட்டப்பட்ட சிஸ்டைன் ஆலய விதானத்தில் இடம்பெறும் 'லிபிய சிபில்' என்னும் குறிசொல்லும் பெண்ணுக்காக வரைந்தது அது. ஆடவன் ஒருவனை மாதிரியாக வைத்து, அவன் முதுகின் தசைகளைச் செஞ்சுண்ணத்தால் வரைந்திருக்கிறார் மைக்கலாஞ்சலோ. அருகிலே முகம் தனியாக ஒரு முறை. கை ஒரு முறை. உடலின் பாரத்தைத் தாங்கும் இடக்கால் விரல்கள் மீண்டும் மீண்டும். ஏறக்குறைய இருபது மீற்றர் உயரத்திலுள்ள அவ்விரல்களைக் கீழே நின்று பார்ப்பவர் கவனிப்பதும் அரிது. நிறைவெய்திய விதானத்தைக் கண்டு, இது பிறவிப் பேறு, தமக்கு எட்டாதது என்று இளைஞர் சோர்வதுண்டு. அவர்கள் காணவேண்டியது இந்தத் தாளையே. மறைக்க எண்ணிய உழைப்பைத்தான் அது காட்டிக்கொண்டிருக்கின்றது.