மூடும் ஆலையில் யாரை மீட்பது?

எர்ணாகுளம் பிராட்வேயின் நெருக்கடியான கடைத்தெருவில் துணிப் பொதிகளையும் மளிகை மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் 'பெட்டி ஆட்டோ'க்களில் அதிகம் தென்படும் பெயர்கள் பஜாஜும் பியாஜியோவும்தான். மகாராஷ்டிரத்தின் வாளூஜிலும் பாராமதியிலும் ஆலை நடத்தும் நிறுவனங்கள் இவை. இத்தனைக்கும் கேரள அரசுக்கு 1978 முதலே சொந்தமாக ஓர் ஆட்டோ நிறுவனம் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாற்றின்கரைக்கு அருகே ஆறாலும்மூட்டில் இயங்கும் கேரளா ஆட்டோமொபைல்ஸ் லிமிடெட், ஒரு காலத்தில் வெளிநாடுகளுக்கும் மூன்று சக்கர வண்டிகளை அனுப்பியது. 2019இல் 'நீம் ஜி' என்ற மின்சார ஆட்டோவைக் கொண்டுவந்து பலரது கவனத்தை ஈர்த்தது. ஆயினும் அது அரசின் கைப்பிடித்தலின்றித் தன் காலில் நெடுங்காலம் நின்றதில்லை. நலிந்த வாகன ஆலையை அரசு காப்பாற்றலாமா என்ற கேள்வி அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு மட்டும் உரியதன்று என்பதையும், அதற்கான விடை தோன்றும் அளவுக்கு எளிதன்று என்பதையும் உணர்த்த இந்த ஒரு நிறுவனமே போதும்.

'மீட்பு நிதி' என்று நாளிதழ்கள் ஒரே சொல்லில் குறிப்பிடுவது உண்மையில் பல வடிவங்களில் வரும் உதவி. அரசு நேரடியாகக் கடன் கொடுக்கலாம். வங்கி கொடுக்கும் கடனுக்கு உத்தரவாதம் அளிக்கலாம். பங்குகளை வாங்கி உரிமையாளராகலாம். வரி நிலுவையைத் தள்ளிவைக்கலாம். அரசுத் துறைகளுக்கு வேண்டிய வண்டிகளை அந்த ஆலையிலேயே வாங்கச் செய்து சந்தையை உருவாக்கித் தரலாம். சுமை கருவூலத்தின் மேல் விழுகிறது என்பதில் இவற்றுக்குள் வேறுபாடில்லை. பணம் யாருக்குப் போய்ச் சேர்கிறது, பதிலுக்கு என்ன கேட்கப்படுகிறது என்பதில்தான் எல்லா வேறுபாடும் அடங்கியிருக்கிறது.

வாகன ஆலை ஏன் இவ்வளவு விரைவில் நஷ்டத்தில் விழுகிறது என்பதை அறிய அதன் பெயின்ட் ஷாப்பைப் பார்த்தால் போதும். தகட்டுக் கூடாக வரும் கார் உடல், துருப்பிடிக்காதிருக்க ரசாயனத் தொட்டிகளில் முங்கி எழுந்து, தூசி புகாதபடி வடிகட்டிய காற்று ஓடும் அறைகளில் அடுக்கடுக்காக வண்ணம் பெற்று, இடையிடையே சூட்டடுப்புக்குள் சென்று உலர்ந்து வெளியே வருகிறது. அந்த அடுப்பு நாளொன்றுக்கு நூறு உடல்களை உலர்த்தினாலும் எண்ணூறு உடல்களை உலர்த்தினாலும் அதைச் சூடாக வைத்திருக்கும் செலவு பெரிதாகக் குறைவதில்லை. இத்தகைய மாறாச் செலவு ஆலை முழுவதும் விரவிக் கிடப்பதால், கட்டிய கொள்திறனில் பெரும்பகுதியைப் பயன்படுத்தும் ஆலை மட்டுமே லாபம் காண முடியும். கால்பகுதி மட்டும் ஓடும் ஆலை, ஒவ்வொரு காரோடும் சேர்த்து நஷ்டத்தையும் உற்பத்தி செய்கிறது.

சென்னைக்குத் தெற்கே மறைமலைநகரில் ஃபோர்டு ஆலைக்கு நேர்ந்தது இதுதான். 1995இல் மஹிந்திராவுடன் கூட்டாக வந்த ஃபோர்டு, பின்னர் தனியாகி, 1999இல் ஐகான் காரை வெளியிட்டது; 2013இல் வந்த எக்கோஸ்போர்ட் உள்நாட்டில் நன்றாக விற்றதோடு கப்பலேறியும் சென்றது. அந்த உற்சாகத்தில் குஜராத்தின் சாணந்தில் நூறு கோடி டாலர் செலவில் இரண்டாவது ஆலையை 2015இல் திறந்தது. இரண்டு ஆலைகளும் சேர்ந்து ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்யும் திறன் பெற்றிருந்தபோது, இந்தியச் சந்தையில் ஃபோர்டின் பங்கு 2 விழுக்காட்டுக்கும் கீழே கிடந்தது. மீண்டும் மஹிந்திராவுடன் கைகோக்க 2019 அக்டோபரில் எடுத்த முயற்சியும் 2020 டிசம்பர் 31 அன்று முறிந்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம் சேர்ந்துவிட்டதாகச் சொல்லி, 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. ஏறத்தாழ 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவர் என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருந்தது.

தமிழ்நாட்டின் தொழிற்சங்கங்களையும் கூலியையும் இதற்குக் காரணமாக்கிப் பேசியவர்களுக்கு அருகிலேயே பதில் இருந்தது. ஃபோர்டு வந்த அதே காலத்தில், அதே மாநில அரசின் சலுகைகளோடு, திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த ஹூண்டாய், 1998இல் சான்ட்ரோவுடன் தொடங்கி நாட்டின் முன்னணிக் கார் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. ஆகவே, விற்காத கார்களும் தேவைக்கு மிஞ்சிய கொள்திறனும்தான் ஃபோர்டைச் சாய்த்தன. அந்த நிலையில் அரசு பணத்தைக் கொட்டியிருந்தாலும் அது டியர்பார்னில் உள்ள தலைமையகத்தின் நஷ்டக் கணக்கைச் சற்றே சுருக்கியிருக்குமே தவிர, மறைமலைநகரின் அடுப்பை எரியவைத்திருக்காது.

இரண்டு ஆலைகளின் கதியும் பிரிந்த நாளொன்று இந்த விவாதத்தின் சாரத்தையே கொண்டிருக்கிறது. 2022 மே 30 அன்று டாட்டா குழும நிறுவனமும் ஃபோர்டும் குஜராத் அரசும் சாணந்து ஆலையைக் கைமாற்றுவதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நிலமும் இயந்திரங்களும் கட்டடங்களும் தகுதியுள்ள ஊழியர்களின் வேலையும் சேர்ந்தே கைமாறுவதாக ஏற்பாடு. 725.7 கோடி ரூபாய்க்கு முடிவான அந்த விற்பனை 2023 ஜனவரி 10 அன்று நிறைவேறியது. அதே மே 30இல் மறைமலைநகரில், கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய தொழிலாளர்கள் நியாயமான செட்டில்மென்ட் கேட்டு வேலையை நிறுத்திவிட்டு ஆலைக்குள்ளேயே போராட்டத்தைத் தொடங்கினர். அங்கிருந்த சுமார் 2,600 நிரந்தரத் தொழிலாளர்களுக்கு வாங்குவோர் யாரும் அமையவில்லை. எஞ்சிய ஏற்றுமதி ஆர்டர்களை முடித்து, அவ்வாண்டு ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியேறியது. ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியான தொழிலாளர்களுக்கு ஒருபுறம் வேலையும் மறுபுறம் காசோலையும் கிடைத்தன. கான்ட்ராக்ட் தொழிலாளர்களும், இருக்கையும் விளக்கும் புகைக்குழாயும் செய்து கொடுத்த 'வெண்டார்' பட்டறைகளின் ஆட்களும் அந்தக் காசோலைக் கணக்கிலேயே சேரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் காண்பது தேவை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலையை மூட அரசின் முன்அனுமதி வேண்டியிருந்தது. விண்ணப்பித்து 60 நாள்களுக்குள் அரசு பதில் தராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்பட்டது. இழப்பீடாகச் சட்டம் நிர்ணயித்தது, நிறைவுபெற்ற ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரி ஊதியம். இருபது ஆண்டுகள் ஒரே வரிசையில் நின்று கதவுகளைப் பொருத்திய தொழிலாளிக்கு இதன்படி வருவது 300 நாள் ஊதியம், அதாவது பத்து மாதச் சம்பளம். ஃபோர்டுத் தொழிலாளர்கள் இதைப்போலப் பல மடங்கு பெற்றார்கள் என்றால் அது அவர்களுடைய போராட்டத்தின் விளைவே. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, முன்அனுமதிக்கான வரம்பை நூறிலிருந்து முந்நூறாக உயர்த்திவிட்டதால், நடுத்தர அளவிலான உதிரிபாக ஆலைகள் பல இனி எவரையும் கேளாமலே மூடிக்கொள்ளலாம். ஆட்குறைப்புக்கு உள்ளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 15 நாள் ஊதியத்தை மறுதிறன் நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டும் என்ற புதிய ஏற்பாடு நல்லதே. ஆனால் அரை மாதச் சம்பளத்தில் நாற்பத்தைந்து வயதுக்காரர் எந்தப் புதுத்தொழிலைக் கற்றுத் தேற முடியும் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

மீட்பு நிதியை ஆதரிப்போர் எப்போதும் சுட்டும் எடுத்துக்காட்டு அமெரிக்கா. 2008 டிசம்பரில் அன்றைய அதிபர் புஷ் தொடங்கி ஒபாமா விரிவாக்கிய திட்டத்தின்கீழ், ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் மற்றும் அவற்றைச் சார்ந்த நிதி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 8,000 கோடி டாலர் சென்றது. 2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் திவால் நீதிமன்றத்துக்குச் சென்று சில வாரங்களிலேயே புது நிறுவனமாக வெளியே வந்தது. அதில் கவனிக்க வேண்டியது தொகையைவிட நிபந்தனைகள்தான்: பழைய பங்குதாரர்களின் முதலீடு துடைத்தெறியப்பட்டது, தலைமை அதிகாரி வெளியேற்றப்பட்டார், ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் மருத்துவ நிதியம் புதிய நிறுவனத்தின் பங்குதாரராயிற்று, ஆலைகள் பல மூடப்பட்டன. கொடுத்ததில் ஆயிரம் கோடி டாலர் அளவுக்கு அரசு கருவூலத்துக்குத் திரும்பவில்லை. அந்தத் தொகை வீணா, லட்சக்கணக்கான வேலைகளுக்குக் கொடுத்த விலையா என்பதில் பொருளியலாளர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. எதிர்ப்போர் சுட்டுவது பிரிட்டனை. 1975இல் அரசுடைமையான பிரிட்டிஷ் லேலண்டு, கைமாறிக் கைமாறி, பெயர் மாறி, 2005 ஏப்ரலில் லாங்பிரிட்ஜில் நின்றுபோனபோது சுமார் 6,000 பேர் வேலையிழந்தார்கள். பொதுப்பணம் முடிவைத் தள்ளிப்போட்டது, தடுக்கவில்லை.

இந்தியாவிலோ, மூழ்கிய கார் நிறுவனத்தை அரசு எடுத்து வெற்றி கண்ட கதை நம் கண்முன்னே ஓடிக்கொண்டிருக்கிறது. சஞ்சய் காந்தி தொடங்கிக் கலைக்கப்பட்ட மாருதி லிமிடெட்டை 1980இல் தனிச்சட்டம் இயற்றி எடுத்துக்கொண்ட மத்திய அரசு, 1981இல் மாருதி உத்யோக்கை அமைத்து, 1982இல் ஜப்பானின் சுசுகியைக் கூட்டாளியாக்கியது. 1983 டிசம்பர் 14இல் முதல் கார் வெளிவந்தது. இதை மீட்பு என்று சொல்வதுகூடப் பொருந்தாது. அரசு பழைய முதலாளியின் கடனைச் சுமக்கவில்லை. குருகிராமில் இருந்த நிலத்தையும் கூடத்தையும் எடுத்து, தொழில்நுட்பம் அறிந்தவரை உள்ளே கொண்டுவந்து, சந்தைக்கு வேண்டிய சிறிய காரைச் செய்யவைத்தது. ஆறாலும்மூட்டில், தொழில் அறிந்தவரை உள்ளே கொண்டுவரும் இந்த இரண்டாவது படி முழுமையாக நிகழவில்லை என்பதே கேரளத்தின் பாடு. பணம் வந்தது, பெருந்தொகுதியாக வண்டி செய்யும் அளவும், உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் ஊர்தோறும் கிடைக்கும் வலைப்பின்னலும் வரவில்லை. கொச்சியில் சரக்கு ஓட்டும் ஒருவர் ஆட்டோ வாங்கும்போது, பிரேக் வயர் அறுந்தால் அன்றே மாற்ற முடியுமா என்பதைத்தான் முதலில் பார்ப்பார். வண்டி நின்ற நாள் அவருக்குக் கூலியில்லாத நாள்.

மாருதியின் பாடத்துக்கு எர்ணாகுளத்தின் எல்லையிலேயே இன்னொரு சான்று உண்டு. களமசேரியில் நலிவுற்றிருந்த பிரீமியர் டயர்ஸை 1995இல் அப்போலோ டயர்ஸ் எடுத்துக்கொண்டது. தொழில் தெரிந்தவர் கைக்கு ஆலை மாறியதால் டயர் அங்கே தொடர்ந்து உருண்டது. கொச்சி பனம்பிள்ளி நகரில் பதிவு அலுவலகம் வைத்திருக்கும் அதே அப்போலோ, 2009இல் வாங்கிய நெதர்லாந்தின் என்ஸ்கடே ஆலையில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2025இல் அறிவித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு நாட்டில் காப்பவராக வந்தவர் மற்றொரு நாட்டில் கதவைச் சாத்துபவராக நிற்பார். ஆகவே முதலாளியின் நல்லெண்ணத்தில் அன்றி, ஒப்பந்தத்தின் வாசகங்களில்தான் தொழிலாளியின் பாதுகாப்பு இருக்க முடியும்.

அந்த வாசகங்களை எழுதக் கிடைக்கும் தருணம் ஆலை மூடும்போது வருவதன்று, திறக்கும்போதே வந்துவிடுவது. இந்திய மாநிலங்கள் வாகன நிறுவனங்களை அழைக்கும்போது நிலத்தைச் சலுகை விலையில் தருகின்றன. முத்திரைத்தாள் கட்டணத்தையும் மின்வரியையும் விலக்குகின்றன. செலுத்திய மாநில ஜிஎஸ்டியைத் திருப்பித் தருகின்றன. தமிழ்நாட்டில் இதற்குக் 'கட்டமைக்கப்பட்ட ஊக்கத்தொகுப்பு' என்று பெயர். பிறக்கும்போதே கொடுக்கப்படும் மீட்பு நிதி இது என்று சொன்னால் மிகையாகாது. மக்கள் பணம்தான், ஆனால் இதைச் சுற்றி எந்த விவாதமும் நடப்பதில்லை. வெளியேறும் நிறுவனம் ஆலையைத் தொழிலாளர்களோடு கைமாற்ற முயல வேண்டும், கான்ட்ராக்ட் ஆட்களையும் இழப்பீட்டில் சேர்க்க வேண்டும், மீண்டும் திறந்தால் பழைய தொழிலாளர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற மூன்று வரிகளைச் சலுகை ஒப்பந்தத்தில் எழுதுவதற்குக் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

அவ்வரிகளுக்கு இப்போதே ஒரு தேவை எழுந்துள்ளது. 2025 அக்டோபர் 31 அன்று ஃபோர்டு, தமிழ்நாடு அரசுடன் புதிய புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கிறது: மறைமலைநகரில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் ஆண்டுக்கு 2.35 லட்சம் எஞ்சின்கள், 2029இல் உற்பத்தித் தொடக்கம், 600 வேலைகள். 1999இல் ஐகான் வரிசையில் இருபத்து நான்கு வயதில் நின்ற தொழிலாளிக்கு, அந்த எஞ்சின் வரிசை ஓடத் தொடங்கும்போது வயது ஐம்பத்து நான்காகியிருக்கும்.